விருந்தினர் அறை: மேலதிக வருமானமா, புதிய கடன்சுமையா?

மீள்குடியேறிய விவசாயக் குடும்பங்களின் கூட்டமொன்றில் அண்மையில் பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "பாதர், வீட்டுக்கு வந்த ஆக்களிட்டைக் காசு வாங்கிறது சரியோ? எங்கடை அப்பு ஆச்சி காலத்திலை இப்பிடி ஒரு வழக்கம் இருந்ததே?" அவருக்குப் பின்னால் இருந்த தாய் ஒருவர் உடனே மறுமொழி சொன்னார். "ஐயா, மகன் கனடாவிலை. ரெண்டு அறை பூட்டிக் கிடக்குது. வெங்காயம் விலை போகேல்லை. அறையை விட்டால் என்ன பிழை?"

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பெரியவரின் கேள்வியை முதலில் எடுப்போம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது நான் பதினான்கு வயதுப் பையன். மழையில் நனைந்து சென்ற எமக்கு முன்பின் அறியாத ஒரு வீட்டார் தமது விறாந்தையில் இடம் தந்தார்கள். பல நாட்கள் அங்கே இருந்தோம். அவர்கள் ஒரு சதமேனும் கேட்கவில்லை. இன்றும் அப்படி ஒருவர் எமது படலையைத் தட்டினால் நாமும் கேட்கக் கூடாது. ஆனால் விடுமுறைக்கு வருபவர் வேறு. அவர் தங்குமிடத்துக்குக் கொடுக்கவென்று காசை ஒதுக்கிக்கொண்டே புறப்படுகிறார். அக்காசு நகரத்து விடுதிக்குப் போகலாம், அல்லது ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வரலாம். எமக்கு வந்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தாயாரின் கேள்விக்கு இவ்வளவு எளிதாக மறுமொழி கூற முடியாது. அறையை விடுவதில் பிழை இல்லை. ஆயினும் எப்படி விடுவது, எவ்வளவு காசு போடுவது, யார் காசைப் போடுவது என்பவற்றில் பிழை விட்டால் திரும்பப் பெற்ற காணியையே மீண்டும் இழக்க நேரிடலாம். ஆகவே இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இப்போது ஏன் இந்தப் பேச்சு?

1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை விமான சேவை 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. வழி திறந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் தங்க இடம் தேடுவார்கள்.

சுற்றுலா என்ற சொல் எம்மவர் பலருக்குக் கசப்பானது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் எழுந்து போனவர்கள். போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகளாக அவர்கள் தம் காணிக்குள் கால் வைக்க முடியவில்லை. அதே காலத்தில் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்திய 'தல்செவன' விடுதியில் விடுமுறைக்கு வந்தோர் தங்கிச் சென்றனர். 2015இலிருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல் விடப்பட்டது. ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. எமது மண்ணைப் பார்க்க வருபவரால் பிறர் பயன் பெற நாம் வேலிக்கு வெளியே நின்ற காலம் அது. வேலிக்கு உள்ளே வந்துள்ள நாம் அதே வருகையால் எமது வீட்டுக்கு ஏதாவது தேடிக்கொள்ள முடியுமா என்பதே இப்போதுள்ள கேள்வி.

2. யார் வருகிறார்கள்? அவர்களுக்கு என்ன தேவை?

(அ) வெளிநாட்டிலுள்ள எம்மவர். பாடசாலை விடுமுறையான ஆடி ஆவணியிலும் மார்கழி தையிலும் குடும்பமாக வருவார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் இக்காலத்திலேயே வருகின்றன. இவர்களது பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். அறையோடு சேர்ந்த மலசலகூடம், நுளம்பு வராத யன்னல், உறைப்புக் குறைந்த சாப்பாடு என்பவை இவர்களுக்கு முக்கியம்.

(ஆ) தெற்கிலிருந்து வருவோர். நயினாதீவு நாக விகாரைக்கும் நல்லூருக்கும் கோட்டைக்கும் பஸ்ஸிலும் வானிலும் கூட்டமாக வருவார்கள். கட்டிலை விடப் பெரிய விறாந்தையும், பாயும், தண்ணீரும், இரண்டு மூன்று சுத்தமான மலசலகூடங்களும் இவர்களுக்குப் போதும். சிங்களத்தில் இருபது சொற்கள் தெரிந்திருந்தால் நல்லது.

(இ) வெள்ளைக்காரப் பயணிகள். இரண்டு மூன்று நாள் நிற்பார்கள். அமைதியான வளவு, சைக்கிள், கொதித்தாறிய தண்ணீர், எங்கே எப்படிப் போவது என்ற விபரம் ஆகியவற்றை எதிர்பார்ப்பார்கள். குறிகட்டுவானில் படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அறிந்து சொல்பவரை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

(ஈ) கலியாணத்துக்கும் அந்தியேட்டிக்கும் வரும் உறவினர், வேலை நிமித்தம் வரும் உத்தியோகத்தர். இவர்கள் எந்த மாதத்திலும் வருவார்கள். விளம்பரம் இல்லாமலே வாய்வழியாக வந்து சேர்வார்கள்.

எல்லோருக்கும் ஏற்ற அறையை எவராலும் அமைக்க முடியாது. உமது ஊருக்கு இவர்களில் யார் வரக்கூடும் என்று முதலில் பாரும். வரக்கூடியவருக்கு ஏற்றபடி மட்டும் ஆயத்தம் செய்யும்.

3. வீடு யாருடையது?

இக்கேள்வியைத் தாண்டிவிட்டு மெத்தை வாங்கப் போகக் கூடாது. எமது பகுதியில் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பது வழமை. தகப்பன் பெயரில் உறுதி, தகப்பன் இறந்துவிட்டார், பிள்ளைகள் நால்வரில் மூவர் வெளிநாட்டில், வீட்டில் இருப்பவர் ஒருவர் என்ற நிலையைப் பல இடங்களில் காண்கிறோம். அப்படியானால் மற்றப் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வருமானம் யாருக்கு, திருத்த வேலைக்குச் செலவிடும் காசு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பிறருடைய வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்றால் உரியவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் வேண்டும். இன்று ஒற்றுமையாக இருக்கும் சகோதரங்கள் வீடு உழைக்கத் தொடங்கியதும் கணக்குக் கேட்பார்கள். கேட்பது அவர்களது உரிமை.

வேறொரு ஆபத்தும் உண்டு. "வீட்டைத் தாருங்கள், நாங்கள் திருத்தி நடத்துகிறோம், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று முதலீட்டாளரோ தரகரோ வரலாம். இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். கையொப்பம் வைக்கும் பத்திரம் குத்தகையா, ஈடா, விற்பனை உறுதியா என்பதை உங்களுக்கு வேண்டிய ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசிப்பித்து அறியுங்கள். வாசிக்க நேரம் தராதவரோடு உடன்பாடு வேண்டாம்.

4. கிணறும் மலசலகூடமும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலே வரும்.

விருந்தினர் வந்தால் கிணறு வற்றிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். கணக்குப் பார்ப்போம். ஒருவர் குளிக்கவும் மலசலகூடத்துக்குமாக நாளொன்றுக்கு 150 லீற்றர் பாவிக்கிறார் என வைத்தால் நால்வருக்கு 600 லீற்றர். ஒரு பரப்புத் தோட்டத்தை ஓரங்குல ஆழத்துக்கு இறைக்க ஏறக்குறைய 6,400 லீற்றர் வேண்டும். எனவே நால்வர் குளிப்பதால் கிணறு வற்றப்போவதில்லை. ஆனால் மலக்குழியால் கிணறு கெடலாம். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். குழியில் விழுவது வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை நாம் எல்லோரும் கண்டோம். நிலத்தின் மேல் விடுவது என்றோ ஒருநாள் கிணற்றில் வரும் என்பதே அதன் பாடம்.

பசளையாலும் மலக்குழியாலும் வரும் நைத்திரேற்று எமது பல கிணறுகளில் அளவுக்கு மேல் காணப்பட்டுள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது பெருந்தீங்கு. விருந்தினர் இரண்டு நாளில் போய்விடுவார். அத்தண்ணீரை ஆண்டு முழுவதும் குடிக்கப்போவது எமது பிள்ளைகளும் பக்கத்து வளவுப் பிள்ளைகளும்தான்.

ஆகவே:

- புதிய மலசலகூடம் கட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். எந்தக் கிணற்றிலிருந்தும் 50 அடிக்குள் குழி வேண்டவே வேண்டாம். எமது கல் நிலத்தில் அதைவிட எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளவுங்கள்.
- அடி திறந்த குழியை விட, அடியும் சுவரும் சீமெந்து பூசி அடைத்த தொட்டி நல்லது. நிரம்பும்போது பிரதேச சபையின் வண்டியைக் கொண்டு எடுப்பிக்கலாம்.
- குளியலறைத் தண்ணீரை மலக்குழிக்குள் விடாமல் வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள்.
- கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறை பரிசோதிப்பியுங்கள். விருந்தினருக்குக் குடிக்கக் கொதித்தாறிய நீரையே கொடுங்கள்.
- ஆடி, ஆவணி மாதங்களில் கிணறு அடிக்குப் போகும். அதே மாதங்களில்தான் விருந்தினரும் வருவார்கள். தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி பணிவாக எழுதி ஒட்டிவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள்.

5. அறையை ஆயத்தம் செய்தல்

பழைய நாற்சார் வீடு உள்ளவர்கள் அதை இடித்து மாடிவீடு கட்டத் தேவையில்லை. முற்றமும் விறாந்தையும் ஓட்டுக்கூரையும் தரும் குளிர்மையைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். ஒழுக்கை அடைத்து, சுவருக்கு வெள்ளை பூசி, மின்சார வயர்களைத் தெரிந்தவரைக் கொண்டு சரிபார்த்து விட்டால் பாதி வேலை முடிந்தது.

அறைக்குள் வேண்டியவை சில பொருட்களே: உறுதியான கட்டில், நல்ல மெத்தை, ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று சோடி வெள்ளைப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய், நுளம்பு வலை, மின்விசிறி, ஒரு மேசை, உடுப்புக் கொழுவ இடம், உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, மின்சாரம் நின்றால் எரியும் விளக்கு. விரிப்பு ஏன் மூன்று சோடி? ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். மார்கழி மழையில் விரிப்புக் காயாது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அம்மாதங்களில் டெங்கு நுளம்பும் பெருகும். தண்ணீர்த் தாங்கியை மூடுங்கள். சிரட்டை, தகரம், பூச்சாடித் தட்டு என்பவற்றில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

சாப்பாட்டில்தான் விவசாயக் குடும்பத்துக்குக் கூடுதலான பயன் உண்டு. சந்தைக்குக் கொண்டுபோகும் கத்தரிக்காய்க்கு வியாபாரி விலை சொல்வார், கழிவும் வெட்டுவார். அதே கத்தரிக்காய் கறியாகி விருந்தினரின் கோப்பைக்கு வரும்போது விலை சொல்பவர் நாமே. இடியப்பம், சொதி, சம்பல், முருங்கைக்காய்க் கறி, காலத்தில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் என எமது வளவிலும் தோட்டத்திலும் விளைபவற்றைக் கொண்டே சாப்பாடு கொடுங்கள். நகரத்து விடுதிச் சாப்பாட்டைப் பார்த்துச் செய்ய முயல வேண்டாம்.

6. கணக்கு

கீழே தரும் இலக்கங்கள் கணக்குப் பழகுவதற்காக எடுத்தவை. உங்கள் இடத்து விலையைப் போட்டு மீண்டும் செய்து பாருங்கள்.

ஒரு குடும்பம் ஓர் அறையோடு குளியலறை கட்டி, கட்டில் மெத்தை வாங்கி, 6 இலட்சம் ரூபா செலவிடுகிறது. ஓர் இரவுக்குக் காலைச் சாப்பாட்டுடன் 5,000 ரூபா. ஆண்டில் 60 இரவுகள் அறை போகிறது. அவற்றில் 30 இரவுகளுக்கு ஆட்கள் இணையத்தளம் மூலம் வருகிறார்கள். தளம் நூற்றுக்கு 15 தரகுப்பணம் எடுக்கிறது.

வரவு: 60 × 5,000 = 3,00,000
செலவு:
தரகுப்பணம் 22,500
மின்சாரம், சவர்க்காரம், சலவை (இரவுக்கு 800) 48,000
காலைச் சாப்பாடு (இரவுக்கு 1,000) 60,000
திருத்தம், தேய்மானம் 40,000
மொத்தச் செலவு: 1,70,500
மிச்சம்: 1,29,500

சொந்தச் சேமிப்பைப் போட்டிருந்தால் போட்ட காசு திரும்பி வர நாலரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். அது மோசமல்ல.

இதே 6 இலட்சத்தை நூற்றுக்கு 18 வட்டிக்கு எடுத்திருந்தால் முதலாண்டு வட்டி மட்டும் 1,08,000. மிஞ்சுவது 21,500. முதலில் ஒரு சதமும் குறையவில்லை. அந்த ஆண்டில் ஏதோ நடந்து 60 இரவு 30 ஆகக் குறைந்துவிட்டால்? வரவு 1,50,000. தரகுப்பணம் 11,250. இரவுச் செலவுகள் 54,000. திருத்தம், தேய்மானம் அதே 40,000. மிச்சம் 44,750. வட்டி கட்டக் கையிலிருந்து 63,250 ரூபா போட வேண்டும். அதற்கு நகை அடகுக்குப் போகும், அல்லது தோட்டம் ஈட்டுக்குப் போகும்.

"ஏதோ நடந்து" என்பது வெறும் கற்பனையல்ல. 2002இல் ஏ-9 வீதி திறந்து வருகை பெருகியது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னர் நாடெங்கும் பயணிகள் வரவு விழுந்தது. 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. வட்டி மட்டும் எந்த ஆண்டிலும் நிற்கவில்லை. நுண்கடன் எம்மூர்ப் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டு வந்தது என்பதை அறிவோம். 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது முற்றியிருந்தது.

எனவே இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: விருந்தினர் அறை ஓர் ஊடுபயிர். ஊடுபயிருக்காகத் தலைப்பயிரைப் பிடுங்குவதில்லை. தோட்டத்தை விற்றோ, ஈடு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ அறை கட்ட வேண்டாம். இருக்கும் அறையை இருக்கும் காசில் திருத்துங்கள். முதலாண்டு ஓர் அறை. அதன் மிச்சத்தில்தான் இரண்டாவது அறை.

7. நடத்தும் முறை

விலை: ஒரே அறைக்கு ஒரே விலை. கனடாக்காரருக்கு ஒரு விலை, கொழும்புக்காரருக்கு ஒரு விலை என்று வைத்தால் ஊரில் பெயர் கெடும். காலத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். அதை முன்னரே எழுதி வையுங்கள்.

முற்பணம்: தொலைபேசியில் கேட்பவரிடம் ஓர் இரவுக் காசை வங்கியில் இடச் சொல்லுங்கள். திருவிழாக் காலத்தில் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டு நாலாவது இடத்தில் தங்குபவர்கள் உண்டு. அதுபோல, ஒருவருக்கு ஒப்புக்கொண்ட அறையைக் கூடத் தருகிறேன் என்ற இன்னொருவருக்கு நாம் கொடுக்கக் கூடாது.

ஒழுங்கு: எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை மணிக்கு அறையை விட வேண்டும், படலை எத்தனை மணிக்குப் பூட்டப்படும், மது பாவிக்கலாமா இல்லையா என்பவற்றை வருமுன்னரே சொல்லிவிடுங்கள். வந்தபின் சொன்னால் மனவருத்தம்.

பதிவுக் கொப்பி: வருபவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், வந்த நாள், போன நாள் என்பவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். யாரேனும் விசாரித்தால் காட்ட அது ஒன்றே சான்று.

கணக்குக் கொப்பி: வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வீட்டுச் செலவுக் காசையும் அறைக் காசையும் ஒரே போத்தலில் போட்டால் இலாபமா நட்டமா என்று ஒருநாளும் தெரியவராது.

அனுமதி: பிரதேச சபையில் என்ன அனுமதி, என்ன கட்டணம் என்று நேரே சென்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, வீட்டோடு அறை விடுபவர்களையும் பதிவு செய்கிறது. நிபந்தனைகளைக் கேட்டுப் பார்த்த பின் வீட்டைத் திருத்தத் தொடங்கினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வராது.

8. வீட்டாரின் சுமை

விருந்தினர் வரும் மார்கழி, தையில் தோட்டத்திலும் வேலை குவிந்திருக்கும். வெங்காய நடுகையும் நெல் அறுவடையும் அக்காலத்தை ஒட்டியே வரும். அறை வேலை யார் தலையில் விழும்? பெரும்பாலும் தாயின் தலையில், அதன்பின் மூத்த பெண்பிள்ளையின் தலையில். காலை ஐந்து மணிக்கு இடியப்பம் அவித்து, பகல் முழுவதும் தோட்டத்தில் நின்று, மாலையில் விரிப்புத் தோய்ப்பவரின் பெயர் கணக்குக் கொப்பியில் இல்லை. ஓர் இரவுக்கு நாலு மணித்தியால வேலை என்று வைத்தாலும் 60 இரவுக்கு 240 மணித்தியாலம். யார் எந்த வேலை செய்வது, மிச்சக் காசில் தாயின் பங்கு என்ன என்பதைத் தொடங்குமுன் குடும்பமாக இருந்து பேசுங்கள். பிள்ளையின் படிப்பு நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். வருபவர் எவ்வளவு நல்லவராயினும், உறவினராயினும், பிள்ளைகள் தனியே விருந்தினர் அறைக்குள் போகவோ அவர்களுடன் தனியே வெளியே செல்லவோ விடக் கூடாது. வீட்டாரின் படுக்கை அறைக்கும் விருந்தினர் அறைக்கும் நடுவே பூட்டக்கூடிய கதவு வேண்டும். ஆண் துணையின்றி வாழும் தாய்மார் முதலில் அறிந்த குடும்பங்களை மட்டும் ஏற்பது நல்லது. மறுக்கும் உரிமை எப்போதும் வீட்டுக்காரருக்கே உண்டு.

9. அறை இல்லாதவர்களுக்கு என்ன?

இதை வாசிக்கும் பலரிடம் விடுவதற்கு அறை இல்லை என்பதை அறிவேன். இந்திய வீட்டுத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பெற்றுக் கட்டிய வீடு குடும்பத்துக்கே போதாது. அதில் ஒரு அறையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை விறாந்தையில் படுக்க வைக்க வேண்டாம். இன்னும் காணி விடுபடாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்போரும் எம்மோடு இருக்கிறார்கள்.

ஆனால் அறை வைத்திருப்பவரால் எல்லா வேலையையும் தனியே செய்ய முடியாது. ஊரில் ஐந்து வீட்டார் அறை விடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு மரக்கறி, முட்டை, பால் கொடுக்க ஆள் வேண்டும். விரிப்புத் தோய்க்க, மதியச் சாப்பாடு சமைக்க, ஓட்டோ ஓட்ட, கீரிமலைக்கும் நிலாவரைக்கும் கூட்டிச் சென்று காட்ட, பனங்கட்டியும் ஒடியலும் பொதி செய்து விற்க ஆள் வேண்டும். எனவே ஊர்ச் சங்கமாக இருந்து பேசுங்கள். ஒரு வீட்டில் இடம் இல்லையேல் அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். ஆள்பிடிக்க விலையை வெட்டி ஒருவரை ஒருவர் கெடுக்க வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு குறைந்த விலையைத் தீர்மானியுங்கள். அறை விடுபவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய மரக்கறியையும் வேலையாளையும் முதலில் காணி விடுபடாத குடும்பங்களிடமிருந்தே பெறுவது என்று ஒரு தீர்மானம் எடுத்தால், அறை இல்லாத வீட்டு அடுப்பும் எரியும்.

கேள்வி கேட்ட பெரியவரின் வீட்டுக்குக் கூட்டம் முடிந்த பின் போயிருந்தேன். முற்றத்தில் கதிரை போட்டு, தேநீர் தந்து, "இதுக்கும் காசோ பாதர்?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தேநீருக்குக் காசு இல்லை என்பதை அவரும் நானும் அறிவோம். அறைக்கு விலை எழுதுங்கள். வருபவரை வரவேற்கும் முகத்துக்கு விலை எழுத வேண்டாம்.

குழுவாக இருந்து கலந்துரையாட

1. எமது ஊருக்கு ஆண்டில் எந்த மாதங்களில், யார் யார் வருகிறார்கள்? அம்மாதங்களில் தோட்டத்தில் என்ன வேலை?
2. அறை விட எண்ணும் வீட்டின் உறுதி யார் பெயரில் உள்ளது? பங்காளிகள் அனைவரும் சம்மதமா?
3. எமது கிணற்றிலிருந்தும் பக்கத்துக் கிணற்றிலிருந்தும் மலக்குழி எத்தனை அடி தூரம்? அடுத்த கூட்டத்துக்கு முன் நாடா பிடித்து அளந்து வாருங்கள்.
4. மேலே தந்த கணக்கை உங்கள் விலைகளைப் போட்டுச் செய்யுங்கள். வருகை பாதியாகக் குறைந்தால் உங்கள் குடும்பம் தாங்குமா?
5. அறை இல்லாத குடும்பங்களுக்கு இதில் என்ன பங்கு கொடுக்கப் போகிறோம்? அவர்களையும் அழைத்து இருத்திக்கொண்டே இதைப் பேசுங்கள்.